மார்கழிக் காட்டை எண்ணெய் வண்ணத்தில் தீட்டுவது எப்படி

என்னிடம் ஓவியம் கற்க வருகிறவர்களிடம் காடு ஒன்று வரையுங்கள் என்று சொன்னால், பெரும்பாலோர் ஊசியிலை மரங்களை வரைந்து பின்னால் ஒரு பனிமலையையும் நிறுத்திவிடுகிறார்கள். கேட்டால் காணொளியில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள் என்பார்கள். எல்லாரும் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் பிறந்து வளர்ந்தவர்கள். வண்டியை எடுத்தால் சிறிது நேரத்தில் ஏதாவது ஓர் ஐயனார் கோயில் காட்டுக்குப் போய்விடலாம். மார்கழியில் விடியற்காலை ஆறரை மணிக்கு அங்கே ஒருமுறை நின்று பார்த்தவருக்குப் பனிமலை தேவைப்படாது.

அந்த ஆறரை மணிக் காட்டை 12க்கு 16 அங்குலக் கேன்வாஸ் போர்டில் தீட்டும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். தூரிகையே பிடித்திராதவர்களும் தொடர்ந்து வரலாம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூடுபனியை வெள்ளை வண்ணத்தால் போட முடியாது. தூரத்து இருட்டு தன் கருமையை இழந்து நிற்பதைத்தான் நாம் மூடுபனி என்கிறோம். மரத்தை வரைந்துவிட்டு அதன்மேல் வெள்ளையைத் தேய்த்தால் பனி வராது, சுண்ணாம்பு அடித்த மரம்தான் வரும்.

வாங்க வேண்டியவை

வண்ணக் குழாய் ஐந்து போதும். டைட்டானியம் வெள்ளை, மண் மஞ்சளான எல்லோ ஓக்கர், லெமன் எல்லோ, செம்பழுப்பான பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம். வெள்ளையை மட்டும் பெரிய குழாயாக வாங்குங்கள், அதுதான் முதலில் தீரும். கறுப்பும் பச்சையும் வேண்டாம். கடைக்காரர் பன்னிரண்டு நிறப் பெட்டியை எடுத்து நீட்டுவார். அதில் இருக்கும் பச்சை நம் பக்கத்து மரம் எதிலும் இல்லாத பச்சை. செம்மண் புழுதி படிந்த புளியமரத்தையும், சாம்பல் பூத்த தைல மரத்தையும், கருவேலையும் பார்த்தால் தெரியும், நம் காட்டில் பச்சை குறைவு. நீலத்தில் லெமன் எல்லோவைச் சேர்த்துத் துளி சியன்னாவால் அடக்கினால் தேவையான பச்சை கிடைத்துவிடும். அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் சரிபாதி கலந்தால் குழாய்க் கறுப்பைவிட உயிருள்ள கறுப்பு வரும். சியன்னா கூடினால் அது சூடான இருட்டு, நீலம் கூடினால் குளிர்ந்த இருட்டு.

இந்தக் குழாயைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை அரைத்த வண்ணத்தைப் பன்றியின் நீர்ப்பையில் கட்டி வைத்து, குத்தித் துளைபோட்டுப் பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். பிரான்ஸில் ஓவியர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய் உட்கார்வது எளிதானதற்கு இந்தத் தகரக் குழாய் பெரிய காரணம்.

தூரிகைகளில், பன்றிமுடித் தட்டைத் தூரிகை 10ஆம் எண்ணிலும் 6ஆம் எண்ணிலும் ஒவ்வொன்று, கிளைகளுக்கு 2ஆம் எண் வட்டத் தூரிகை ஒன்று, மிருதுவான முடியுள்ள அகலத் தூரிகை ஒன்று. கடைசியாகச் சொன்னதில் வண்ணமே தொடக் கூடாது. ஏன் என்று பிறகு தெரியும். கலக்க ஒரு பேலட் கத்தி, ஓவியருக்கான டர்பன்டைன், லின்சீட் ஆயில் எனப்படும் ஆளிவிதை எண்ணெய், கிழிக்க ஒரு பழைய பருத்தி வேட்டி. ஹார்டுவேர் கடை டர்பன்டைன் தூரிகை கழுவ மட்டும் உதவும். வீட்டுக் கதவுக்கு வாங்கி மிஞ்சிய எனாமல் பெயின்ட்டைப் படத்தில் சேர்க்காதீர்கள்.

வண்ணம் கலக்கும் பலகையைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில், சீதனமாக வந்து பரணில் கிடந்த எனாமல் தட்டுகள் அடுக்கியிருக்கும். ஓரம் பெயர்ந்த தட்டாகப் பார்த்து எடுங்கள். வண்ணம் உறிஞ்சாது, துடைத்தால் சுத்தமாகிவிடும், இதைவிட நல்ல பேலட் இல்லை. நடுவில் ரோஜாப்பூப் போட்ட தட்டில் மனம் போகும், ஆனால் அந்தப் பூவின் சிவப்பு உங்கள் கலவையைப் பச்சையாகக் காட்டி ஏமாற்றும். வெறும் வெள்ளைத் தட்டையே எடுங்கள்.

காட்டில் ஒரு மணி நேரம்

முன்பனிக் காலம் என்று நம் முன்னோர் பிரித்து வைத்த மார்கழி, தை மாதங்கள்தான் இதற்குச் சரியான பருவம். கண்மாயில் தண்ணீர் கிடக்கும், இரவு குளிரும், விடியும்போது பனி தரையோடு படுத்திருக்கும். ஏழரைக்கெல்லாம் கலைந்துவிடும் என்பதால் அங்கேயே உட்கார்ந்து எண்ணெய் வண்ணம் தீட்ட முயலாதீர்கள். பென்சிலும் அஞ்சலட்டை அளவுத் தாளும் போதும். கோயில் காட்டுக்குள் போனால் அங்கே உள்ள வழக்கத்துக்குக் கட்டுப்படுங்கள். செருப்பை வெளியே விடுங்கள், ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்காதீர்கள். தலைமுறைகளாக அப்படி விட்டுவைத்ததால்தான் வரைவதற்கு ஆல மரமும் பாலை மரமும் வீரை மரமும் நமக்கு மிஞ்சியிருக்கின்றன. வனத்துறை இடமென்றால் கேட்டுவிட்டுப் போங்கள்.

கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பாருங்கள். இலையும் பட்டையும் மறைந்து, காடு மூன்று நான்கு திரைகளாகத் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் கருத்த அடிமரங்கள், அடுத்து வெளிறிய ஒரு வரிசை, அதற்கும் பின்னால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒன்று. இந்தத் திரைகளைத்தான் குறித்துக்கொண்டு வர வேண்டும். நிழலை மூன்றே அழுத்தத்தில் பென்சிலால் தேய்த்து, ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஓர் அம்பு போட்டுக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படமும் எடுக்கலாம், ஆனால் அதை நம்பித் தீட்ட வேண்டாம். கருவி தானாகவே இருட்டைக் கூட்டி, பனியை அழுக்குச் சாம்பலாக்கி, தூரத்து மரத்தையும் கூர்மையாக்கிக் காட்டிவிடும்.

இங்கே பலர் தவறும் ஓர் இடம் உண்டு. தொலைவில் இருப்பதெல்லாம் நீலமாகத் தெரியும் என்று படித்திருப்போம். லியொனார்டோ டா வின்சியே தம் குறிப்புகளில் அப்படி எழுதிவைத்திருக்கிறார். தெளிந்த மாலையில் சிங்கம்புணரிப் பக்கமிருந்து பிரான்மலையைப் பார்த்தால் அது உண்மைதான். அது காற்றின் வேலை. காற்றிலுள்ள நுண்ணிய மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. மூடுபனியோ நீர்த்துளிகளால் ஆனது. துளி பெரிது என்பதால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றாகவே சிதறடிக்கும். ஆகவே பனிக்காட்டில் தூரத்து மரம் நீலமாகாது, பனியின் நிறத்தையே வாங்கிக்கொள்ளும். சூரியன் இருக்கும் பக்கம் அந்த நிறத்தில் லேசான மஞ்சளும் இருக்கும். நீலத்தை அள்ளிப் பூசினால் கொடைக்கானல் வந்துவிடும், கோயில் காடு வராது.

செம்மண் அடித்தளம்

வெள்ளைப் போர்டில் நேராகத் தீட்டத் தொடங்காதீர்கள். முந்தைய நாளே பர்ன்ட் சியன்னாவை டர்பன்டைனில் கரைத்து, தண்ணீர்போலத் தடவி, வேட்டித் துணியால் துடைத்துவிடுங்கள். மழை கழுவிய செம்மண் தரைபோல ஒரு நிறம் நிற்கும். குளிர்ந்த சாம்பல் நிறப் பனியை அதன்மேல் போடும்போது, தூரிகை தவறவிட்ட இடங்களிலெல்லாம் இந்தச் சூடு எட்டிப் பார்க்கும். நம் ஊர் மண் படத்துக்குள் வர இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

மறுநாள் அதன்மேலேயே மெல்லிய வண்ணத்தில் கோட்டுருவம். தரைக்கோட்டைப் படத்தின் நடுவில் போடாமல் கீழே மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். அடிமரங்களை வேலிக்கால் நட்டதுபோல் சம இடைவெளியில் நிறுத்தாதீர்கள். இரண்டு மரம் ஒட்டி நிற்கட்டும், ஒன்று விலகிச் சாயட்டும். ஒரு செம்மண் தடம் முன்னாலிருந்து வளைந்து உள்ளே போய்ப் பனியில் காணாமல் போனால் போதும்.

கலவைதான் பாதி வேலை

போர்டைத் தொடும் முன் எல்லாக் கலவையையும் தட்டில் தயாரித்துவிட வேண்டும். அடுப்பங்கரை அளவில் சொல்கிறேன். டைட்டானியம் வெள்ளை பெரிய நெல்லிக்காய் இரண்டு அளவு. எல்லோ ஓக்கர் ஒரு கொண்டைக்கடலை. அல்ட்ராமரைன் ஒரு மிளகு. பர்ன்ட் சியன்னா ஒரு கடுகு. கத்தியால் அழுத்தி அழுத்திக் கலக்குங்கள். பசும்பாலில் லேசாகச் சாம்பல் ஓடியதுபோல் ஒரு நிறம் வரும். இது தாய்க்கலவை. பனியும் வானமும் இதுதான்.

தட்டின் மறுபக்கத்தில் அல்ட்ராமரைனும் சியன்னாவும் சேர்ந்த இருட்டைத் தனியாகக் கலந்து வையுங்கள். தாய்க்கலவையில் பாதியை அப்படியே விட்டுவிட்டு, மீதியை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பங்கில் கத்தி முனையால் தொட்டு எடுத்த இருட்டைச் சேருங்கள். அடுத்ததில் இன்னும் கொஞ்சம், கூடவே துளிப் பச்சை. மூன்றாவதில் தாய்க்கலவை பெயருக்குத்தான் இருக்க வேண்டும். விட்டுவைத்த தாய்க்கலவையை முதல் குவியலாக எண்ணினால் மொத்தம் நான்கு குவியல். வானத்துக்கும் தூரத்து மரத்துக்கும் உள்ள வேறுபாடு, இது தெரியுமா என்று உங்களுக்கே சந்தேகம் வரும் அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும். புதியவர்கள் எல்லாரும் இந்த இரண்டாவது குவியலைத்தான் கருப்பாக்கிக் கெடுக்கிறார்கள். நானும் பல ஆண்டு கெடுத்தேன்.

எல்லாக் குவியலும் ஒரே தாயிலிருந்து பிரிந்ததால் அவற்றுக்குள் ஓர் உறவு இருக்கும். படம் முழுவதும் ஒரே காற்று வீசுவதாகத் தோன்றுவது அதனால்தான்.

முதல் நாள்: பின்னாலிருந்து முன்னால்

பெரிய தட்டைத் தூரிகையால் தாய்க்கலவையை, டர்பன்டைன் துளி சேர்த்து, வானத்திலிருந்து தரைவரை மெல்லியதாகப் பரப்புங்கள். தூரிகையைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுங்கள், ஒரே திசையில் இழுத்தால் கோலமாவு வாரியதுபோல் வரி விழும். ஒளி வரும் இடத்தில் மட்டும் வெள்ளையும் துளி லெமன் எல்லோவும் கூட்டிக்கொள்ளலாம்.

அது ஈரமாக இருக்கும்போதே இரண்டாம் குவியலால் தூரத்து மரக்கூட்டம். இலை, கிளை எதுவும் வேண்டாம். மேகம்போல ஒரு விளிம்பு போதும். உடனே, வண்ணம் தொடாமல் வைத்திருக்கும் அந்த மிருதுத் தூரிகையை எடுத்து, விளிம்பின்மேல் மூச்சு விடுவதுபோல் நான்கைந்து முறை வருடுங்கள். விளிம்பு கரைந்து பனிக்குள் போய்விடும். ஒவ்வொரு வருடலுக்கும் பிறகு தூரிகையைத் துணியில் துடைக்க மறக்காதீர்கள். துடைக்காத தூரிகை இரண்டாவது வருடலில் சேறு பூசும்.

இனி அடிமரம். இந்த ஓவியத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. தரைப்பனி கீழேதான் அடர்த்தியாகக் கிடக்கும் என்பதால், மரத்தின் மேல்பகுதி கருத்தும் அடிப்பகுதி வெளிறியும் தெரியும். நம் கையோ பழக்கத்தில் தரையிலிருந்து மேலே இழுக்கும், அடியில் அழுத்தும். அதை மாற்றுங்கள். ஆறாம் எண் தூரிகையில் மூன்றாம் குவியலைத் தோய்த்து, கிளை பிரியும் இடத்தில் வைத்துக் கீழ்நோக்கி இழுங்கள். பாதி இறங்கியதும் அழுத்தத்தைக் குறையுங்கள். முக்கால் தூரத்தில் தூரிகை போர்டைத் தொடுகிறதா இல்லையா என்ற நிலையில் தூக்கிவிடுங்கள். பிறகு சுட்டுவிரலில் வேட்டித் துணியைச் சுற்றி, மரத்தின் கால் இருக்க வேண்டிய இடத்தைக் குறுக்காக ஒரே ஒரு முறை துடையுங்கள். இரண்டாம் முறை கை போகும், போக விடாதீர்கள். அடித்தளத்துச் செம்மண் நிறம் லேசாக வெளிப்பட்டு, மரம் பனியில் மிதக்கத் தொடங்கும்.

ஒருமுறை கண்மாய்க் கரையில் இப்படி ஒரு சிறு படத்தைத் தீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு ஓட்டி வந்த ஓர் அப்பத்தா பின்னால் வந்து நின்று, வெகுநேரம் பார்த்துவிட்டு, "என்னய்யா, மரத்துக்கெல்லாம் காலே போடவில்லையே?" என்று கேட்டார். எதிரே இருந்த காட்டைக் காட்டினேன். அவர் பார்த்தார். "அட, அங்கேயும் இல்லையே!" என்றார். அன்றுமுதல் மாணவர்களிடம் அடிமரம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, கால் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். இருந்தால் மறுபடியும் துடைக்க வேண்டியதுதான்.

இத்தோடு முதல் நாள் வேலையை நிறுத்துங்கள். கை அரிக்கும், இருந்தாலும் நிறுத்துங்கள்.

காய விடுவது

எண்ணெய் வண்ணம் தண்ணீர்போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகுகிறது. மெல்லிய பூச்சு மூன்று நான்கு நாளில் தொடும்படி ஆகும், டைட்டானியம் வெள்ளை அதிகமுள்ள இடம் இன்னும் சில நாள் எடுக்கலாம். முதல் அடுக்கில் டர்பன்டைனும் அடுத்தடுத்த அடுக்குகளில் எண்ணெயும் கூட வேண்டும் என்பது பழைய விதி. இது நம்மவர்களுக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் அடியில் கரடான சுண்ணாம்பு, மேலே போகப்போக இழைத்த சாந்து, கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த மெல்லிய பூச்சு என்று வரிசை மாறாமல்தானே போட்டார்கள். வரிசை மாறினால் சுவர் வெடிக்கும். படமும் அப்படித்தான். எண்ணெய் கூடிய அடுக்கு மெதுவாக இறுகும், அதன்மேல் சீக்கிரம் இறுகும் அடுக்கைப் போட்டால் மேலே விரிசல் விடும்.

படத்தை இருட்டறையில் சாத்தி வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள வளவு (வீட்டின் நடுமுற்றம்) ஓரம் சரியான இடம்.

துணியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், இறுகும்போது வெளிவரும் வெப்பம் மடிப்புக்குள் அடைபட்டுவிடுகிறது. காலையில் வாளியில் கசக்கிப் போட்ட துணியை மாலையில் எடுத்தபோது, இட்லித் துணிபோல் கையில் சூடு தட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள டின்னில்தான் போடுகிறேன். மர உத்தரமும் தேக்குத் தூணும் உள்ள வீடுகளில் இருப்பவர்கள் இதில் அசட்டையாக இருக்கவே கூடாது.

இரண்டாம் அமர்வு

நான்கைந்து நாள் கழித்து, நான்காம் குவியலைப் புதிதாகக் கலந்து, துளி எண்ணெய் சேர்த்து முன்னால் இருக்கும் மரங்களைத் தீட்டுங்கள். இருட்டு இங்கே மட்டுமே முழுதாக வரலாம். அதுவும் ஒன்றிரண்டு இடத்தில்.

இலைகளை ஒவ்வொன்றாகப் போட்டால் வேப்பமரம் வாழ்த்து அட்டைபோல் ஆகிவிடும். தட்டைத் தூரிகையின் மூலையால் ஒற்றி ஒற்றிக் கொத்தாக எடுங்கள். பிறகு இலைக்கூட்டத்துக்குள் அங்கங்கே வானம் தெரியும் ஓட்டைகளை வையுங்கள். அந்த ஓட்டை வானத்தைவிட ஒரு துளி இருட்டாக இருக்க வேண்டும். அதே வெளிச்சத்தில் வைத்தால் இலைக்குமேல் வெள்ளைப் பொட்டு ஒட்டியதுபோல் துருத்தும்.

செம்மண் தடம் முன்னால் சியன்னாவும் ஓக்கரும் கலந்த சூடான நிறம், உள்ளே போகப்போகத் தாய்க்கலவையைக் கூட்டிக்கொண்டே போனால் வெளிறிய இளஞ்சிவப்பாகிக் கரையும். சூரியக் கதிர்கள் மரங்களுக்கிடையே பட்டை பட்டையாக இறங்குவதுபோல் போட ஆசை வரும். முதல் படத்தில் வேண்டாம். மிக வெளிச்சமான இடம் ஒன்றே ஒன்று, தடம் மறையும் வளைவில் இருக்கட்டும்.

ஐயனார் கோயில் காடு என்றால் மண் குதிரை இல்லாமலா என்பீர்கள். போடலாம், ஒன்றோ இரண்டோ, இரண்டாம் திரைக்கும் மூன்றாம் திரைக்கும் நடுவில், பாதி பனியில். கழுத்தின் வளைவும் காதும் தெரிந்தால் போதும். சேணமும் மணியும் கண்ணும் எழுதத் தொடங்கினால் பார்ப்பவரின் பார்வை அங்கே போய் ஒட்டிக்கொள்ளும், காடு பின்னால் ஒதுங்கிவிடும். மண் குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவி எடுப்பன்று அவற்றுக்குக் கண் திறக்க, அவற்றைச் செய்யும் வேளார் இருக்கிறார், அந்த வேலையை அவருக்கே விட்டுவிடுங்கள்.

படம் முடிந்துவிட்டதா என்று தெரியாவிட்டால், சுவரோரம் தலைகீழாக நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். திரும்பி வரும்போது எந்த இடம் கண்ணைக் குத்துகிறதோ அது கருத்துவிட்டது என்று அர்த்தம். துணியால் ஒற்றி மட்டுப்படுத்துங்கள். பெரும்பாலும் அது தூரத்து மரமாகத்தான் இருக்கும்.

தூரிகைகளை டர்பன்டைனில் அலசி, துணி துவைக்கும் பார் சோப்பில் தேய்த்து, நுரை வெள்ளையாகும்வரை கழுவி, விரலால் முனையைக் கூட்டிப் படுக்க வையுங்கள். கண்ணாடிக் குவளையில் தலைகீழாகக் குத்தி வைத்தால் முடி வளைந்துவிடும்.

வார்னிஷுக்கு அவசரப்பட வேண்டாம். மேலே காய்ந்தாலும் உள்ளே இறுக ஆறு மாதமாவது ஆகும், தடிமனாகத் தீட்டிய இடம் ஓராண்டுகூட எடுக்கும். செட்டிநாட்டு வீடுகளின் முகப்புச் சுவரில் தொங்கும் பெரியவர்களின் எண்ணெய் ஓவியங்கள் கருத்துப் பழுத்துக் கிடப்பதற்கு, காலப்போக்கில் மஞ்சளித்த பழைய வார்னிஷும் சமையல் புகையும் முக்கியக் காரணங்கள். அதனால் அடுப்பங்கரைக்கு எதிர்ச்சுவரைத் தவிர்த்து வேறெங்காவது மாட்டுங்கள். தூசு படாமல் இருந்தால், அடுத்த மார்கழியில் வார்னிஷ் அடிக்கலாம்.